மைக்கை மரநாய் என்று நினைத்தேன்

என் மகள் செல்விக்குக் கணக்கு வராது, ஆனால் காது கூர்மை. அதனால் ஒலிப்பதிவு படித்து, சினிமாவுக்குச் சத்தம் பதியும் வேலைக்குப் போனாள். ஒருமுறை கொல்லிமலை வீட்டுக்கு வந்தபோது, விடியலில் சேவல் கூவுவதைப் பதிய, கோழிக்கூண்டருகே மைக்கை வைத்திருந்தாள். காற்றின் இரைச்சல் விழாமலிருக்க, புசுபுசுவென்று முடி வைத்த உறையை அதற்கு மாட்டியிருந்தது எனக்குத் தெரியாது. அரையிருட்டில் கோழி பிடிக்க வந்த மரநாய் என்று நினைத்துத் தடியை ஓங்கினேன். என் குறி தப்பியதே இல்லை.

"அம்மா, அடிச்சராதீங்க. வாடகை மைக்குங்க, ஒடஞ்சா என் வேலை போயிரும்" என்று ஓடிவந்தாள்.

கையைத் திருப்பிவிட்டேன். தடி தரையில் மோதியது.

மைக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, பதிந்ததைப் போட்டுக் கேட்டவள், "நீங்க அடிச்ச சத்தம் நல்லாப் பதிஞ்சிருக்குதுங்கம்மா, சண்டைக் காட்சிக்கு ஆகும்" என்றாள்.

இப்போதெல்லாம் அவள் வந்தால், பையில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்ட பிறகே தடியைத் தொடுகிறேன்.