மாமியாரின் கட்டைவிரல்

மாமியாரின் கட்டைவிரலை விட்டு மாப்பிள்ளையின் கண் நகரவில்லை. ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசை, அந்த அம்மாள் கையில் கைபேசி. "அத்தை, ஒரு குடை வாங்குங்க பாப்போம்" என்றார். அம்மாள் மூன்று முறை தட்டினார். குடை வாங்கியாயிற்று. இவர் நோட்டில் ஒரு 'சரி' போட்டுக்கொண்டார்.

இணையக் கடை ஒன்றுக்குப் பக்கங்கள் வடிவமைப்பது இவர் தொழில். அதே கடைக்கு வாசகம் எழுதுகிற நான் அலுவலகத்தில் இவருக்குப் பக்கத்து நாற்காலி; அந்த ஞாயிறு இவர் வீட்டு மேசையிலும் அப்படியே. அங்கே இவருக்குப் பெயர் 'மூணு தட்டு'. "கேள்வி கேட்டா ஆள் யோசிப்பான். யோசிச்சா எழுந்து போயிடுவான்" என்பது இவருடைய வேதம்.

சும்மா சொல்லக்கூடாது, வாங்குவது சுகமாகத்தான் இருக்கும். படம் பளிச்சென்று திறக்கும், விலாசம் தானே நிரம்பும், நமக்கே மறந்துபோன செருப்பு அளவு அதற்கு நினைவிருக்கும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தால்தான் சேதி தெரியும். ரத்து செய்யும் வழி ஏழாவது பக்கத்தின் அடியில், வெள்ளைத் தரையில் வெளிறிய சாம்பல் எழுத்தில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அந்தத் திறமைக்கு அலுவலகத்தில் இவருக்குக் கேடயமே கொடுத்தார்கள். அதற்கு முந்தைய பக்கத்தில் 'எங்களை விட்டுப் போக மனம் வருகிறதா?' என்று கேட்பது நான். எனக்கு வெட்கம் உண்டு, சம்பளமும் உண்டு.

எழுத்தே தெரியவில்லை என்று மாமியார் ஒருமுறை முறையிட்டார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு அத்தை, நீங்க கண்ணாடிய மாத்துங்க" என்று அனுப்பிவிட்டார்.

குடைக்குப் பிறகு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். அதுவும் மூன்றே தட்டு. இரண்டாவது 'சரி' போடும்போதுதான் முகம் வெளுத்தது. பணம் போகாத சோதனைக் கணக்கைத் திறக்க மறந்து, மனைவியின் சொந்தக் கணக்கிலேயே தட்டவிட்டிருக்கிறார். போன மாதம் இதே மறதியில் வந்த ஓட்டப்பயிற்சி இயந்திரம் இன்னும் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இன்னொரு சாமான் இப்படி வாசலில் வந்து இறங்கினால், இவரும் அதோடு வாசலிலேயே இருந்துகொள்ளலாம் என்று மனைவி அன்றே சொல்லியிருந்தார். அவர் செவிலி, பேச்சும் ஊசிதான். அரை மணியில் வண்டி கிளம்பும், அதன்பின் ரத்து கிடையாது என்றது திரை.

"அவ டூட்டி முடிஞ்சு வர்றதுக்குள்ள நிறுத்திடுங்க மாப்பிள்ளை. எனக்கும் சேர்த்துல்ல விழும்" என்றார் மாமியார்.

"நான் செஞ்ச பக்கம்தானே அத்தை. ஒரு நிமிஷம்."

முதல் பக்கம் தள்ளுபடி தந்தது. அடுத்தது காரணம் கேட்டது. மனம் வருகிறதா என்று ஆறாவது கேட்டபோது என்னை முறைத்தார். ஏழாவதில் கைபேசியை மூக்கருகே கொண்டுபோனார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார், துணியால் திரையைத் துடைத்தார். இன்னும் நாலு நிமிடம்.

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே மாமியார் பக்கம் கையை நீட்டினார். அம்மாள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார்.