இருபத்தாறு அக்கா

மணியை ஒரே ஒரு தடவைதான் அடிப்பார். கதவு திறக்கும்வரை, தோளில் தொங்கும் அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நிற்பார். வெயில் மேற்கே சாய்ந்து சுவரெல்லாம் கொதிக்கும் நேரம். குடியிருப்பு முழுக்க ஏசிகள் உறுமிக்கொண்டிருக்கும். கதவிடுக்கில் பனிக்காற்று முகத்தில் அடித்ததும், "கண்ணு, இருபத்தாறுல வெச்சுக்கோயேன். கூட ஒரு ஃபேனைப் போட்டா போதும். பொழுது சாயற வரைக்கும்தான்" என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அடுத்த கதவுக்கு நடந்துவிடுவார்.

அதனால் அவர் பெயர் இருபத்தாறு அக்கா. "அக்கா வராங்க, போர்வையை ஒளிச்சு வை!" என்று வீட்டுக்குள் கிசுகிசுப்பார்கள். அது காதில் விழுந்தாலும் கோபப்பட மாட்டார். "பதினெட்டுல வெச்சுட்டுக் கம்பளி போத்திக்கிறீங்களே, குடையை விரிச்சுக்கிட்டுக் குளிக்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தபடியே ஒரு குட்டு வைப்பார்.

தரைத்தளத்தில், முன்னறையில் தையல் இயந்திரம். திரைச்சீலை தைப்பதுதான் பிழைப்பு. மேற்கு ஜன்னல் என்று யாராவது வாயெடுத்தால் போதும், கனத்த துணியை உள்ளே கொடுத்து இரட்டையாகத்தான் தைப்பார். "ஜன்னலுக்கும் உள்பாவாடை கட்டணும்மா. வெயில் தன்னால தோத்துப் போயிடும்."

சென்ற கோடைவரை அவர் யார் வீட்டு மணியையும் அடித்தவரில்லை. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பக்கவாதம் வந்து படுத்தவர் பிறகு எழவில்லை. புழுக்கம் தாங்காத ஒரு பிற்பகலில், எல்லா வீட்டு ஏசிகளும் ஒன்றாக இழுத்த இழுப்பில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. "நாளைக்குத்தாம்மா வரும். ஊரெல்லாம் இதே பாடுதான்" என்று மின்வாரிய ஆள் கையை விரித்துவிட்டார். அக்கா ஈரத்துணியை மாற்றி மாற்றிக் கணவர் மேல் போட்டார். அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து விசிறினார். அவர் கண்கள் செருகியதும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியனுப்பினார். வந்தவர்கள் நாடி பார்த்து நிமிர்ந்த பிறகும் அக்காவின் கை விசிறிக்கொண்டே இருந்தது. அவர்களில் ஒருவர்தான் அந்தக் கையை மெல்லப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

இந்தக் கோடையில் மூன்றாவது மாடிக்கு ஒரு குடும்பம் புதிதாக வந்தது. அக்கா போய்ச் சொன்ன நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அந்த வீட்டு மருமகள் வெடித்துவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டேன்க்கா. பாவம்தான். அதுக்கு நாங்க என்ன பண்ணோம்? தினமும் வந்து எங்களைக் கொலைகாரங்க மாதிரி பாக்குறீங்களே!"

அக்காவின் விரலில் நாடா நின்றது. பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு எங்க வீட்டு ஏசியும்தான் பதினெட்டுல ஓடுச்சு. வேர்க்குதுன்னாரு. நான்தான் குறைச்சு வெச்சேன். நான் யாரைக் கண்ணு குத்தம் சொல்ல முடியும்?"

அந்த நேரம் பார்த்து உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

"யாரு?"

"மாமனார்க்கா. நேத்துதான் ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்தோம். எழுந்திரிக்க முடியாது."

"பார்க்கலாமா?"

உள்ளே மெலிந்த ஒரு முதியவர் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். தலைமாட்டில் மூச்சுக்கான சிறு இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. ஏசியை நிமிர்ந்து பார்த்த மருமகள், "இருபத்தாறுக்கு ஏத்திடறேன்க்கா" என்று ரிமோட்டைத் தேடினாள்.

"வேணாம் கண்ணு. இது இப்படியே ஓடட்டும். இவரு மாதிரி இருக்கறவங்களுக்குக் கரண்ட் போயிடக் கூடாதுன்னுதான் மத்தவங்க கிட்ட கெஞ்சிட்டுத் திரியறேன்."

மருமகள் கூடத்துக்குப் போனாள். அங்கே வெறும் சோபாவுக்குக் குளிர் காட்டிக்கொண்டிருந்த ஏசி நிற்கும் சத்தம் கேட்டது.

அக்கா முதியவரின் தலையைத் தூக்கி, தலையணையைக் குளிர்ந்த பக்கமாகத் திருப்பி வைத்தார். கழுத்து வியர்வையை ஒற்றி எடுத்தார். கண் திறக்காமலே அவர் ஏதோ முனகிவிட்டுத் தூங்கிப்போனார். அக்கா கிளம்பி வாசற்படிவரை வந்தார். என்ன தோன்றியதோ, மறுபடி உள்ளே போனார். புறங்கையை அவர் மூக்கருகே கொண்டுபோய், மூச்சுக்காற்று சுடும்வரை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.