கையெழுத்துக்கு முன் உடைந்த ஆறு மெஷின்கள்

கராச்சியின் ஓரங்கிப் பகுதியில், எங்கள் தெருவிலிருந்து தனியாக வங்கிக்குப் போய்ப் பேசி வந்த முதல் பெண் என் தங்கை மெஹ்வீஷ். நான் எட்டாவதோடு லேத் பட்டறைக்குப் போய்விட்டேன். அவள் பி.காம். இருபத்துநான்கு வயதில் வாடகைக் கொட்டகையில் தையல் கூடம் போட்டாள்.

வட்டிப் பணத்து ரொட்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா பிடிவாதமாக நின்றதால்தான் இஸ்லாமிய வங்கிக்குப் போனாள். அவளுக்கு அதில் நம்பிக்கையில்லை.

"அதே வட்டிதான் பாய்ஜான். தாடி வளத்துக்கிட்டு வந்திருக்கு."

அவள் கேட்டு எழுதித் தரும் முதல் காகிதத்தை வைத்து, தையல் மெஷின்களை வங்கி தன் பெயரில் வாங்கும். அவை வந்து இறங்கியபின் லாபம் வைத்து அவளுக்கு விற்கும். அதுவரை எது உடைந்தாலும் நஷ்டம் வங்கியுடையது, அதனால்தான் இது வட்டியில்லை, வியாபாரம் என்பார்கள். அந்த விற்பனைக்கு இரண்டாவது காகிதம் ஒன்று. எல்லோரும் இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். வங்கி அலுவலர் தாபிஷும் இரண்டையும் சேர்த்தே நீட்டினான். அவனுக்கும் அவள் வயதுதான்.

மெஹ்வீஷ் முதலாவதில் மட்டும் கையெழுத்துப் போட்டு, இரண்டாவதைத் திருப்பித் தள்ளினாள். "மெஷினே வரல, எதை வாங்கினேன்னு கையெழுத்துப் போட? நாடகம்னா ஒழுங்கா நடிங்க சார்."

"சரி மேடம். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு நானே வர்றேன்" என்று சிரித்தான்.

மறுநாள் செவ்வாய். காலை பத்து பத்துக்கு லாரி வந்து, உதவிக்குப் போயிருந்த என் கண்ணெதிரே ஆறு மெஷின்களை இறக்கியது. பத்து நாற்பதுக்கு மாமூல்காரர்கள் நாலு பேர் இரண்டு பைக்கில் வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை அவர்களை அவள் வெறுங்கையோடு அனுப்பியிருந்தாள்.

"ஆறு மெஷின், அறுபதாயிரம்" என்றான் ஒருவன்.

"உன் மூஞ்சிக்கு ஆறு ரூபா கூட அதிகம்டா!"

சம்மட்டி முதல் மெஷினின் தலையைப் பிளந்தது. நான் இரும்புக் குழாயால் ஒருவனின் காதைக் கிழித்தேன். என் முழங்காலில் அடித்து வீழ்த்தி, வாயில் மிதித்தார்கள். இரண்டு பற்கள் போயின. மெஹ்வீஷ் மூன்றாவது மெஷின்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டாள். சம்மட்டி நிற்கவில்லை. அவள் வலது மணிக்கட்டு நொறுங்கிய சத்தம் இரும்புச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பதினோரு நிமிடத்தில் ஆறையும் உடைத்துவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு ஷட்டர்கூடத் திறக்கவில்லை.

அவள் கையைத் துப்பட்டாவால் கட்டிவிட்டு வண்டி தேடித் தெருமுனைவரை நொண்டினேன். ஒரு மணி நேரம் அலைந்தும் எந்த ஆட்டோவும் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது தாபிஷ் உள்ளே நின்றிருந்தான். மணி சரியாகப் பன்னிரண்டு. ரத்தத்தைப் பார்த்து வெளுத்துப்போனவன், பைக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தான்.

"மேடம், நேத்து தேதி போட்டுடலாம். கை முடியலைன்னா இடது கட்டைவிரல் போதும். பன்னிரண்டு லட்ச ரூபா மெஷின் மேடம், என் வேலை போயிடும்."

அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவன் மூக்கு உடைந்தது.

"விடுங்க பாய்ஜான்" என்றாள் மெஹ்வீஷ். "சார், பத்து நாற்பதுக்கு இது யாரோட மெஷின்?"

அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

"என்னோடதுன்னு சொல்லுங்க, ரேகை வச்சுட்டு ஆயுசு பூரா கட்டறேன். ஆனா அது வட்டி இல்லைன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மூக்கைத் துடைத்த கையோடு அவன் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதை மடித்துப் பையில் போட்டுவிட்டுக் கிளை மேலாளரை அழைத்தான்.

"சார், நம்ம மெஷின் ஆறையும் உடைச்சிட்டாங்க… இல்ல சார், அவங்க இன்னும் வாங்கல. நஷ்டம் நம்மளுதுதான்."

மறுமுனையில் கத்தியது எங்களுக்கே கேட்டது. போனைக் காதில் வைத்தபடியே அவன் நடுத்தெருவுக்கு ஓடி, வந்துகொண்டிருந்த ஆட்டோவின் குறுக்கே நின்றான்.