கல்கத்தா டிரங்க் கால்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் மேனேஜர். கல்கத்தாவுக்குக் காலையில் டிரங்க் கால் பதிந்தால் மாலையில்தான் லைன் கிடைக்கும். கிடைத்த லைனும் பேச்சின் நடுவில் அறுந்துபோகும். ஒரு பெரிய ஆர்டர் அப்படித்தான் கைநழுவியது.

டெலிபோன் போர்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் லைன் போட்டுக் கொடுத்த ஜமீலாவின் மேல் பழியைப் போட்டேன். "நீ ஒட்டுக் கேக்கறே. அதான் கட் ஆகுது" என்று கட்டிங் ஆட்கள் முன்னால் கத்தினேன்.

"இல்லீங்க. முதலாளி ரூம்ல பேசினா கட் ஆகறதில்லீங்க. உங்க ரூம்ல மட்டுந்தானுங்க. அங்க ஒயரைப் பாருங்க" என்றாள்.

எனக்கே புத்தி சொல்கிறாளா? அன்றே வேலையை விட்டு அனுப்பினேன். ஹெட்செட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுவாரம் வந்த லைன்மேன் என் நாற்காலியைத் தூக்கிக் காட்டினார். கீழே ஒயர் நசுங்கித் தோலுரிந்து கிடந்தது. கல்கத்தாவுக்குக் கேட்கட்டும் என்று நான் முன்னால் நகர்ந்து கத்தும்போதெல்லாம் நாற்காலிக் கால் அதன் மேல் ஏறியிருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். அவர் ஒயரை மாற்றிவிட்டுப் போனார்.

"அந்தப் புள்ள போனதும் லைன் எப்படி கட் ஆகாம நிக்குது பாத்தீங்களா!" என்றார் முதலாளி.

"ஆமாங்க" என்றேன்.

அவள் வேலை கேட்டுப்போன கம்பெனிகளெல்லாம் என்னிடம்தான் போனில் விசாரித்தன. "வேண்டாமுங்க" என்றேன், ஒவ்வொரு தடவையும். அந்த லைன்களில் ஒன்றாவது நடுவில் அறுந்திருக்கலாம்.