பம்ப் ஹவுஸுக்கு நான் தேர்ந்தெடுத்த அலாரம்

"பட்டன் வாங்கறது பெரிய விஷயம் இல்ல தங்கச்சி. அத எவன் அமுக்குவான்?"

எங்கள் மில்லின் ஃபிட்டர் ஒருநாள் என் மேசை ஓரத்தில் நின்று இப்படிக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அலாரம் பார்த்து வாங்கும் வேலையை மேனேஜர் என்னிடம் கொடுத்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். "அவசரம்னா எல்லாரும் அமுக்குவாங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு டைப் அடிப்பதைத் தொடர்ந்தேன்.

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் இருந்த ஒரு பாமாயில் மில்லில் நான் கிளார்க். எங்கள் வீட்டில் ஐந்தாம் பாரம் வரை படித்த முதல் ஆள் நான்தான். அப்பா, எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழக்குலை வெட்டியவர். அம்மா மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கியவர். ஆபீஸில் எனக்கென்று ஒரு மேசையும் ஒரு டைப்ரைட்டரும் இருந்தன. அந்த மேசையில் உட்காரும்போது முதுகை நேராக வைத்துக்கொள்வேன்.

மில்லுக்குத் தண்ணீர் ஆற்றிலிருந்து வந்தது. ஆற்றங்கரை பம்ப் ஹவுஸுக்கு மில்லிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் அரை மைல் நடக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஒரே ஆள். வால்வைத் திறப்பது, மூடுவது, குழாயின் முன்னுள்ள வலையில் சிக்கும் இலைகளை வாரிப் போடுவது, நோட்டில் நேரம் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. எட்டு மணி நேரம் மனிதக் குரல் கேட்காது. அந்த வருடத் தொடக்கத்தில் அங்கிருந்த ஆள் பாசிப் படியில் வழுக்கிக் கால் முறிந்து, காலையிலிருந்து மத்தியானம் வரை கூப்பிட்டுக்கொண்டே கிடந்தார். யாருக்கும் கேட்கவில்லை. அவரை எடை மேடைக்கு மாற்றினார்கள். அதன் பிறகுதான் தனியாக வேலை செய்கிறவர்களுக்கு ஏதாவது அலாரம் பார்க்கும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார்.

தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் அலாரம் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத் தமிழர். மூன்று சாமான்களை மேசையில் வைத்தார். முதலாவது வாக்கி டாக்கி. அதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், மாதக் கணக்கில் ஆகும். இரண்டாவது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, நடுவில் சிவப்புப் பட்டன். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், அமுக்கினால் மில் கேட்டிலிருக்கும் கார்டு ஹவுஸில் சங்கு ஊதும். மூன்றாவது சுவரில் மாட்டுகிற கடிகாரப் பெட்டி. அரை மணிக்கு ஒருமுறை அதிலுள்ள குமிழை அமுக்க வேண்டும். அமுக்க மறந்தால் சங்கு ஊதும்.

"பிள்ளை, நான் சொல்றதெண்டால் இதை எடுங்கோ" என்று கடிகாரப் பெட்டியைத் தட்டினார். "மனுசன் விழுந்து கிடந்தாலும் இது கத்தும்."

எனக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. தோட்டத்தில் விடியற்காலையில் மணி அடித்து, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா குனிந்த தலையோடு "ஐயா" என்று பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயது ஆளை அரை மணிக்கு ஒருதரம் "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்ல வைக்கும் பெட்டியா? எங்கள் ஆட்களை இனிமேலும் யாரும் அப்படி எண்ணக் கூடாது என்று நினைத்தேன்.

"இது பெரட்டு மாதிரி இருக்கு அங்கிள்" என்றேன். "பட்டன் பெட்டியே போதும். வேணும்னா அவங்களே கூப்பிடுவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாமானைப் பற்றி எனக்குத் தெரியும் பிள்ளை. ஆக்களைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும்."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

கால் முறிந்தவருக்குப் பதிலாக வந்தவர் தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்தவர். மெலிந்த உடம்பு, வெளுத்த காக்கிச் சட்டை. என்னை "கிராணிம்மா" என்று கூப்பிடுவார். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிறவரைத்தான் கிராணி என்பார்கள். எங்கள் ஆட்களில் ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பெட்டியை அவர் கையில் கொடுத்து, எப்படி அமுக்குவது என்று இரண்டு தரம் காட்டினேன். வாங்கிக்கொண்டு, மழையில் நனைந்துவிடும் என்று ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டார்.

இரண்டாவது மாதம் ஒரு காலையில் சங்கு ஊதியது. கார்டு ஓடினார், ஃபிட்டர் ஓடினார், அசிஸ்டன்ட் மேனேஜர் லோரியில் ஏறிப் போனார். அங்கே பம்ப் ஹவுஸ்காரர் இரண்டு கையிலும் அழுகிய இலையோடு நின்றுகொண்டிருந்தாராம். இலை வாரக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த பெட்டி வலையின் கம்பியில் அழுந்திவிட்டது. "மன்னிச்சிக்கிருங்க சார், மன்னிச்சிக்கிருங்க" என்று லோரி திரும்பும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

கேன்டீனில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு.

"அண்ணே, ஒரு கிளாஸ் தே தாரே குடிக்கணும்னா பட்டன அமுக்குங்க லா. லோரியிலயே வரும்."

"ரொட்டி சானாயும் சேர்த்துக் கேளுங்கண்ணே."

அவரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பெட்டியோடு என் மேசைக்கு வந்தார். "கிராணிம்மா, இத நீங்களே வச்சிக்கிருங்க. நான் தனியா இருந்து பழகினவன். எனக்கு எதுக்கு?"

"அதெல்லாம் முடியாது. கம்பெனி ரூல். பைல வச்சே ஆகணும்."

ஆபீஸில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். அவர் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சட்டைப் பையின் வாயை ஊக்கால் குத்திக்கொண்டு வந்தார். பெட்டி தொலையாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி. நான் கடிதம் ஒன்றை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. "மறுபடியுமா? இன்னிக்கும் இலை வாரினாரு போல" என்று பக்கத்து மேசையிடம் சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்னைவிட்டு இன்னும் போகவில்லை.

பட்டனை அமுக்கியவர் அவர் இல்லை. மூன்று மணி ஷிப்டுக்குப் போன ஆள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊக்கைக் கழற்றிப் பெட்டியை எடுத்து அமுக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

மறுநாள் ஃபிட்டர் பம்ப் ஹவுஸ் நோட்டை எடுத்து வந்து என் முன் விரித்தார். இறந்தவர் தோட்டத்துப் பள்ளியில் நான்கு வருடம் படித்த எழுத்து, குண்டு குண்டாக, கோட்டுக்கு மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. "1.20. உடம்பு சரியில்லை. பம்ப் நிறுத்தியாச்சு. வால்வு மூடியாச்சு."

ஒன்று இருபதுக்கு அவரால் எழுத முடிந்திருக்கிறது. வால்வின் கனமான சக்கரத்தைத் திருப்ப முடிந்திருக்கிறது. ஒரு பட்டனை அமுக்க எவ்வளவு பலம் வேண்டும்? மூன்று மணி வரை அந்த ஊக்கு குத்தியபடியே இருந்தது.

சாவு வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் அந்தப் பெட்டியைக் கொடுத்தவள் என்பது அவருக்குத் தெரியும்.

"போன வாரமே நெஞ்சு அடைக்குதுன்னாரு மா. அதான் பட்டன் இருக்கே, அமுக்குங்களேன்னேன். ஒரு தடவ எல்லாரும் ஓடி வந்து வேலை கெட்டுப் போச்சு, இன்னொரு தடவ ஓட வைக்கணுமான்னாரு. சாகறப்ப அமுக்கிக்கறேன்னு சிரிச்சாரு."

பஸ்ஸில் வீடு திரும்பும்போது அப்பாவின் கால் நினைவுக்கு வந்தது. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது குலை வெட்டுகிற அரிவாள் அவர் பாதத்தில் இறங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைய குலையை முழுக்க வெட்டி முடித்துவிட்டுத்தான் மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொன்னார். மண்டோர் கோபித்துக்கொள்வார் என்ற பயமில்லை. தனக்காக இன்னொருவரை நடக்க வைப்பது கூச்சம். தோட்டத்தில் மணி எங்களைக் கூப்பிட அடிக்கப்பட்டது. எங்களில் எவரும் ஒருநாளும் மணி அடித்து யாரையும் கூப்பிட்டதில்லை. இது எனக்குத் தெரியும். ஆபீஸில் வேறு எவரைவிடவும் எனக்கு நன்றாகத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில் அது நினைவுக்கு வரவில்லை. பெரட்டைப் பார்த்த வெட்கம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. அந்த வெட்கத்தைக் கௌரவம் என்று எண்ணிக்கொண்டு சாமானைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

விபத்து அறிக்கையை மேனேஜர் சொல்லச் சொல்ல நானே டைப் அடித்தேன். "தொழிலாளிக்கு அலாரம் சாதனம் வழங்கப்பட்டிருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை." இரண்டு வாக்கியமும் உண்மை. மூன்று பிரதி எடுத்துக் கோப்பில் வைத்தேன். சாதனத்தில் குறை இல்லை என்று ஆகிவிட்டதால் அதே பெட்டியை அடுத்த ஆளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள்.

அடுத்த ஆள் முப்பது வயதுக்காரர். தோட்டத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர், ஒரு பெண் குழந்தைக்கு அப்பா. கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். பழைய கதையெல்லாம் கேன்டீனில் கேட்டிருப்பார் போலும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னார்.

"கவலப்படாதீங்க கா. நான் சும்மா சும்மாலாம் அமுக்க மாட்டேன்."

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளை மாட்டி டைப் அடிக்கத் தொடங்கினேன். கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன, ஆள் பேச முடியாமல் போனாலும் கூப்பிடுகிற பெட்டியை வேண்டாம் என்று சொன்னது நான், இறந்தவர் மீது தவறில்லை, இப்போது போயிருக்கும் ஆளும் அமுக்க மாட்டார். இவ்வளவுதான் எழுதினேன். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு தரம் படித்தேன்.

மேனேஜர் சீனர், அதிகம் பேசாதவர். வாசித்துவிட்டு, யாரும் கேட்காதபோது எதற்குத் தவறை உன் மேல் எழுதிக்கொள்கிறாய் என்று மலாயில் கேட்டார். அறிக்கையோடு இதுவும் கோப்பில் இருக்க வேண்டும் என்றேன். பிறகு, அந்தக் கடிகாரப் பெட்டியை ஒரு மாதம் மாட்டிப் பார், ஆட்கள் முணுமுணுத்தால் கழற்றிவிடுவேன் என்றார்.

சனிக்கிழமை பஸ் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். கடைக்காரர் என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். கடிகாரப் பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கிள்ளான் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஃபிட்டர் திங்கட்கிழமை அதைப் பம்ப் ஹவுஸ் சுவரில் மாட்டினார். அரை மணிக்கு ஒருதரம் அமுக்க வேண்டும் என்று நான் சொன்னதும் புதிய ஆளின் முகம் சுருங்கியது. "என்னக்கா, நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?" என்றார். முன்பிருந்தவர் எப்படி இறந்தார் என்பதைக் கேன்டீன் சொன்னபடி இல்லாமல், நடந்தபடி அவரிடம் சொன்னேன். எதற்காக இந்தப் பெட்டியை முதலில் ஒதுக்கினேன் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுந்துபோய்க் குமிழை அமுக்கினார்.

குமிழை அமுக்கினால் மறுமுனையில் ஒரு பச்சை விளக்கு எரியும். அந்த முனை கார்டு ஹவுஸில் இருந்தது. கார்டு கேட்டைத் திறக்கப் போனால் பார்க்க ஆளில்லை. சங்கு ஊதும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, ஆபீஸ் நேரத்தில் மட்டும் அந்த விளக்கை என் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் விளக்கைப் பார்க்க வேண்டியவர்களின் பட்டியலையும் டைப் அடித்து, முதல் இரண்டு வாரத்துக்கு என் பெயரைப் போட்டு, ஆபீஸ் கதவில் ஒட்டிவிட்டேன்.