பூளைப்பூ பறிக்கப் போன கயிறு

கம்பளிக் குல்லாயின் உள்பக்கம் நீலகிரித் தைலமும் தேங்காய் எண்ணெயும் என் எச்சிலும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். மார்கழிக் காலைகளில் அதை என் தலையில் மாட்டி, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற மாதிரி இழுத்துவிட்டு, "காத்து காதுல பூந்துக்கும் கண்ணு" என்று சொல்லித்தான் அம்மா என்னைச் சிங்காநல்லூர் நர்சரிப் பள்ளிக்கு அனுப்புவார். தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு ஐந்து வயது. குல்லாயோடு நான் குரங்குக்குட்டி போலிருப்பேன். கழற்றினாலும் பெரிய வித்தியாசமில்லை என்பது வீட்டாரின் கருத்து.

எங்கள் யூ.கே.ஜி. மிஸ்ஸுக்குப் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைக்கத் தெரியாது. பக்கத்து வகுப்பு அ, ஆ எழுதிக்கொண்டிருக்க, நாங்கள் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தொட்டு நட்சத்திரம் அச்சடிப்போம். களிமண்ணில் இட்லி ஊற்றுவோம். பெரிய மிஸ் கதவோரம் நின்று, "புள்ளைங்க படிக்கறாங்களா, வெளையாடறாங்களா அம்மணி?" என்பார். "ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்று மிஸ் சிரிப்பார்.

அந்த வருடம் குளிர்காலப் பாடத்தில் பனி மனிதன் படம் வந்தது. கோயமுத்தூரில் பனிக்கு எங்கே போவது? மில்லுக்கு மில் பஞ்சு பறக்கிற ஊர், அதையே ஒட்டிவிடலாம் என்றார் பள்ளி ஆயா. மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வீட்டு வாசலில் காப்புக் கட்டுவோமே, அந்தப் பூளைப்பூ, பள்ளிக்குப் பின்னாலிருந்த 'காட்டில்', அதாவது எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தில், வெள்ளைவெளேரென்று பூத்துக் கிடந்தது. அதைப் பறித்து ஒட்டினால் பனி தயார். பெரிய மிஸ் அரை மனதாகத்தான் அனுப்பினார்: "ஒரு புள்ளைக்கு ஒண்ணுன்னாலும் நீதான் பதில் சொல்லோணும்."

பதினெட்டுப் பேரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். முன்முனை மிஸ் கையில். சுருக்குப் போட்ட வால்முனை என் கையில். "என்ன ஆனாலும் கயித்த உடக் கூடாது" என்பது மிஸ்ஸின் உத்தரவு. காட்டோரம் கட்டவிழ்ந்த வெள்ளாடு ஒன்று எங்கள் பனியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அதையும் வரிசையில் சேர்த்துக்கொண்டால் பத்தொன்பது ஆகுமே என்று எனக்குத் தோன்றிவிட, சுருக்கை அதன் கொம்பில் மாட்டினேன். ஆடு மிரண்டு பக்கவாட்டில் பாய்ந்தது. மிஸ் பேச்சைக் கேட்கும் நல்ல பிள்ளைகள் ஒருவர்கூடக் கயிற்றை விடவில்லை. அத்தனை பேரும் சரிந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற நசீமா கல்லில் விழுந்து மோவாய் கிழிந்து மூன்று தையல்.

சாயங்காலம் பெரிய மிஸ் அறையில் கூட்டம். அத்தர் கடை வைத்திருந்த நசீமாவின் அப்பா கோபத்திலும் மரியாதை குறையாமல், "ஏனுங்க டீச்சர், ஆட்டோட சேத்துக் கட்டியா புள்ளைங்களக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டார். கயிற்றை மாட்டியது யார் என்றார் பெரிய மிஸ். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மிஸ்தான் மாட்டச் சொன்னாங்க."

வேறெந்த மிஸ்ஸைச் சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். வெண்டைக்காயில் நட்சத்திரம் காட்டியவர் இதையும் செய்யக்கூடியவர்தான் என்று அறையே நம்பிவிட்டது. "எம் பையன் பொய் சொல்ல மாட்டானுங்க" என்று அம்மா வேறு நெஞ்சில் கை வைத்தார். மிஸ் குனிந்து, "நானா கண்ணு சொன்னேன்?" என்றார். அதில் கோபமே இல்லை. ஒருவேளை சொல்லியிருப்போமோ என்ற சந்தேகம்தான் இருந்தது. நான் குல்லாயை மேலும் கீழும் ஆட்டினேன். அடி வாங்காமல் தப்பித்த சந்தோஷத்தில் அன்று இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது வேறொரு மிஸ் பிரம்போடு உட்கார்ந்திருந்தார். பூ ஒட்டி முடிக்காத பனி மனிதனைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அதன்பின் வெண்டைக்காய் குழம்பில் மட்டுமே வந்தது.

இப்போது அந்தக் காட்டில் நான்கு மாடி அடுக்ககம் நிற்கிறது. பூளைப்பூ கட்டுக்கட்டாக சிக்னலில் விற்பனைக்கு வருகிறது. என் மகளின் பள்ளியில் குளிர்காலச் சுற்றுலா என்றால் ஏ.சி. வேனில் ஏற்றி, மெஷின் பனி கொட்டும் மாலுக்குக் கூட்டிப்போகிறார்கள். கயிறு கிடையாது, ஆளுக்கொரு பெல்ட். கல்யாணம் காதுகுத்து எங்கு போனாலும் என்னைப் பிடித்து உட்கார வைத்து ஆட்டுக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். நானும் ஆடு மாதிரியே பாய்ந்து காட்டிச் சிரிக்க வைப்பேன். கதையை ஆட்டோடு நிறுத்திவிடுவேன்.

போன பொங்கலுக்கு, பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மாவிடம் மீதியைச் சொன்னேன். சீப்பு நின்றது.

"அடப்பாவி! உன்ன நம்பி நானல்லோ அன்னிக்கு அத்தன பேர் முன்னால சத்தியம் பண்ணாத கொறையா நின்னேன்." பின்னலை முடித்து ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டு, "போய்ப் பாத்துட்டு வந்துரலாம். அந்த மிஸ்ஸு பேரென்னடா?" என்றார்.

ஆட்டின் இடது காது கறுப்பு என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது. மிஸ்ஸை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.