இருபது யூனிட்

மலாயாவில் எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அந்தோனியம்மாள் ஆயாவாகச் சேர்ந்து ஒன்பது வருடமாகியிருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடுவாள். பிரசவத்துக்கு வெந்நீர் வைப்பாள். மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையைத் துப்பிவிடாமல் விழுங்குகிறார்களா என்று எதிரிலேயே நின்று பார்ப்பாள். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது ஆஸ்பத்திரியை நடத்திய டிரஸ்ஸர் ஆம்புரோஸின் வேலை. அதில் அவள் வாயைத் திறந்ததே இல்லை.

ஜப்பானியர் வந்த மறு வருடம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் ஏற்றிய லாரியில் டிரஸ்ஸரையும் ஏற்றிவிட்டார்கள். லாரி கிளம்பும்போது மருந்தறைச் சாவியை அவள் கையில் திணித்து, "கிராணிக்கு இன்சுலின் இருபது யூனிட். தெனமும் காலையில. மறந்துடாத," என்றார். அவ்வளவுதான் சொல்ல நேரமிருந்தது.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான அர்ச்சுனன் கிராணிக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. சண்டைக்கு முன்னால் ஆள் மலைபோல் இருப்பார். தினமும் விடிந்ததும் சிறுநீரை ஒரு சிறிய போத்தலில் கொண்டுவருவார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். சிறுநீரில் சீனி இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், மிஞ்சிப்போனால் செங்கல் நிறம். கிராணியின் குழாய் பல வருடம் செங்கல்தான் காட்டியது.

இப்போது அரிசி இல்லை, மரவள்ளிதான். சைக்கிள் டயர் தேய்ந்துபோனதால் கிராணி நான்கு மைல் நடந்தே ஒவ்வொரு டிவிஷனுக்கும் போய்வந்தார். சட்டை அவர்மேல் கொடியில் போட்டதுபோலத் தொங்கியது. குழாயும் மாறிக்கொண்டே வந்தது. மஞ்சளானது, பிறகு பச்சையானது. அந்தோனியம்மாள் அதைப் பார்க்காமல் இல்லை. ஆனால் டிரஸ்ஸர் சொன்னது இருபது. அதை மாற்ற இவள் யார்?

அந்தப் புதன்கிழமை நிறம் மாறவே இல்லை. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுத்தமான நீலம்.

"ஐயா, இன்னிக்கு ஊசியக் கொறைச்சுப் போடட்டுங்களா?"

"நீ என்ன டாக்டரா? டிரஸ்ஸர் சொன்னதப் போடு. வீட்ல மரவள்ளி வேகுது, போயிச் சாப்பிடணும்லா."

ஈர மணலில் புதைத்து வைத்திருந்த பானையிலிருந்து இன்சுலின் குப்பியை எடுத்தாள். இருபது யூனிட் ஏற்றினாள். கை கழுவிக்கொண்டிருக்கும்போதே ராணுவ லாரியின் சத்தம் கேட்டது.

கிராணி வீடு போய்ச் சேரவில்லை. பாதி வழியிலேயே சிப்பாய்கள் பிடித்துப் பெரட்டுக் களத்துக்கு இழுத்து வந்தார்கள். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் அந்த வெட்டவெளியில் தோட்டமே வரிசையில் நின்றது. சயாமுக்கு இன்னும் முப்பது பேர் வேண்டுமாம். முன்னால் போனவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை. கிராணி கையில் பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள்.

அந்தோனியம்மாள் வரிசையின் ஓரத்தில் நின்றாள். வெயில் ஏறியது. அரை மணி போயிற்று. கிராணியின் முதுகு தொப்பலாக நனைந்தது. காகிதம் கையில் நடுங்கியது.

"மாயாண்டி," என்று வாசித்தார். அடுத்ததும், "மாயாண்டி." மறுபடியும், "மாயாண்டி." பிறகு அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார்.

அது ஊசியின் வேலை என்று அவளுக்குப் புரிந்தது.

சாப்பிட்டதும் ரத்தத்தில் சீனி ஏறும். உடம்பு தானே இன்சுலினைச் சுரந்து அதைத் தசைக்கும் ஈரலுக்கும் அனுப்பும். சீனி இறங்கினால் அந்தச் சுரப்பு அடங்கும். பசித்த வேளைக்கு ஈரல் தன் சேமிப்பை அவிழ்த்துவிடும். ஆனால் ஊசியில் போன இன்சுலினுக்கு நிறுத்தத் தெரியாது. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது இருக்கிற சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் மூளைக்கே இல்லாமல் போகும். டிரஸ்ஸர் எப்போதோ சொன்னதுதான். இன்றைக்கு அதை நடத்தியது அவள் கை.

"மாபோக்!" என்று கத்தினான் அதிகாரி. குடித்திருக்கிறான் என்று அர்த்தம். அறை விழுந்தது. கிராணி மண்ணில் சரிந்தார். ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையை ஓங்கினான்.

அந்தோனியம்மாள் ஓடினாள். சீனி வேண்டும், உடனே வேண்டும். தோட்டத்துக் கடை சீனியைப் பார்த்து ஆறு மாதமாகிறது. வரிசையின் கடைசியில் கள்ளிறக்கும் முனியாண்டி, மரத்திலிருந்து இறங்கிய கையோடு பானைகளுடன் நின்றிருந்தான்.

"சுண்ணாம்பு தடவுன பான எது?"

"இதுதான் ஆயா. தெளுவு. கருப்பட்டி காச்ச வச்சது, புளிக்கல."

பதநீர்ப் பானையைப் பிடுங்கிக்கொண்டு அவள் திரும்பியதும் அதிகாரியின் முகம் கறுத்தது. குடிகாரனுக்கு மேலும் கள்ளா? அவன் கை வாளின் பிடிக்குப் போனது.

"புக்கான் மாபோக், துவான். சாக்கிட்!" குடியில்லை ஐயா, நோய் என்று தனக்குத் தெரிந்த மலாயில் கத்தினாள். சிரட்டையில் மொண்டு முதலில் தான் குடித்தாள். பிறகு அவன் முன்னால் நீட்டினாள். அவன் முகர்ந்தான். ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான்.

"மானிஸ்," என்றான். இனிப்பு.

அவன் அனுமதிக்காக அவள் காத்திருக்கவில்லை. கிராணியின் தலையை மடியில் ஏற்றி, புரையேறாதபடி கன்னத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டாள். "முழுங்குங்க ஐயா. முழுங்குங்க." தொண்டை அசைவதைத் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த மடக்கு. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லை. அவள் மாதாவை வேண்டவும் மறந்துபோனாள். மெல்ல மெல்ல வேர்வை அடங்கியது. கண் திறந்தது.

"லிஸ்ட் எங்க?" என்றார் கிராணி.

குறுக்கே வந்ததற்காக அதிகாரி அந்தோனியம்மாளை ஓங்கி ஓர் அறை அறைந்தான். பிறகு காகிதத்தைக் கிராணியிடம் நீட்டினான். மிச்சப் பேர்களை அவர் உட்கார்ந்தபடியே வாசித்தார். முப்பது பேர் லாரியில் ஏறினார்கள். மாயாண்டியும் ஏறினான்.

புழுதி அடங்கியதும் மாயாண்டியின் பெண்சாதி பஞ்சாலை அந்தோனியம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தாளு விழுந்தே கெடந்திருந்தா பாதி பேரு தப்பிச்சிருக்குமே ஆயா. ஒனக்கு எதுக்கு இந்த வேல?"

அவரில்லாவிட்டால் வேறொருவன் வாசித்திருப்பான் என்று சொல்ல நினைத்தாள். காதில் அறையின் ரீங்காரம் இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் கிராணி போத்தலோடு வந்தார். குழாய் வெளிறிய பச்சை காட்டியது.

"பத்துதான் போடுவேன்," என்றாள்.

"டிரஸ்ஸர்..."

"டிரஸ்ஸர் பாத்த ஒடம்பு வேற, ஐயா. நீங்க பாதியா எளைச்சுட்டீங்க. ஒங்க ஒடம்பே கொஞ்சம் சொரக்குது. சாப்ட்டுட்டு வந்தாத்தான் இனிமே ஊசி."

அவர் சட்டைக் கையை மடக்கினார். குழாயின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து அவள் எட்டாக்கினாள், ஐந்தாக்கினாள். வருடக் கடைசியில் குப்பிகள் தீர்ந்தபோது அர்ச்சுனன் கிராணிக்கு ஊசியே தேவைப்படவில்லை. சண்டை முடிந்து அரிசி திரும்பி வந்தபோது நோயும் கூடவே வந்தது. ஆனால் அப்போது மருந்தும் கிடைத்தது.

டிரஸ்ஸர் ஆம்புரோஸ் திரும்பவில்லை. மாயாண்டியும் திரும்பவில்லை. பஞ்சாலைக்குக் கணுக்காலில் ஆறாத புண் இருந்தது. வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வருவாள். காலை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்தோனியம்மாள் புண்ணைக் கழுவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்து, வலிக்காமல் கட்டுப் போட்டு அனுப்புவாள்.